போலே, தக் போலே: பேராக்கில் கோணிய சக்கரத்தின் வரலாறு

பேராக் மாநிலத்தின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை எழுதப் புகுந்தவர்கள் ஈயத்தையும் ரப்பரையும் முன்னிறுத்தி, இரயில் பாதைகளையும் தோட்ட நிறுவனங்களையும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். விடியுமுன் லயத்து வாசலிலிருந்து நிரைக்கும், நிரையிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கும், சம்பளம் வாங்கிய பின் ஈப்போ கடைத்தெருவுக்கும் ஆளையும் சுமையையும் கொண்டுசென்ற சைக்கிள் அந்த எழுத்துகளின் ஓரத்தில்கூட இடம்பெறுவது அரிது. (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு; நிரை என்பது பால்வெட்டுக்காக ஒருவருக்கு அன்றன்று ஒதுக்கப்பட்ட மரங்களின் வரிசை.) சைக்கிளுக்கே இடமில்லாத ஏட்டில், அதன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிக் கோணியபோது அதை நிமிர்த்தலாமா, கழித்துப்போடலாமா என்று தீர்மானித்த கைத்திறனைத் தேடுவது வீண். ஆயினும் பேராக்கின் தொழிலாளர் வாழ்வில் அத்தீர்மானம் அற்பமானதன்று. சைக்கிள் கடைக்குள் ஒரு சக்கரத்தின் மீது சொல்லப்பட்ட முடிவில் இரும்பின் இயல்பு மட்டுமன்றி, கப்பலில் வந்த உதிரிப்பாகத்தின் விலையும், போரும், அவசரகாலச் சட்டமும், தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட தொலைவும் கலந்திருந்தன.

அம்முடிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், சைக்கிள் சக்கரம் எவ்வாறு சுமை தாங்குகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்த வண்டிச் சக்கரத்தில் நடுவே குடமும், அதிலிருந்து கிளம்பும் மர ஆரக்கால்களும், அவற்றைச் சூழ்ந்த வட்டையும், அதன்மேல் இரும்புப் பட்டாவும் உண்டு. சுமை இறங்கும்போது அடியிலுள்ள ஆரக்கால் தூண்போல நின்று அழுத்தத்தைத் தாங்குகிறது. சைக்கிளின் ஆரமோ 2 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி. தூணாக நிற்க வலுவில்லாத அக்கம்பி, இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் மட்டுமே பயன்தரும். எல்லாக் கம்பிகளும் வளையத்தை ஏறத்தாழ ஒரே அளவான விசையுடன் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டிருக்க, அந்த இழுவிசைகளின் சமநிலையில்தான் மெல்லிய தகட்டு வளையம் வட்டமாக நிற்கிறது. சுமை ஏறும்போது அடியிலுள்ள கம்பிகளின் இழுவிசை சற்றே தளர்வதும், அவை மேலெழுந்ததும் பழைய நிலையை அடைவதுமே அதன் இயக்கம் என்பதை ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளியான தம் நூலில் விளக்கிக் காட்டினார். இழுவிசைக் கம்பிச் சக்கரத்தின் கருத்து ஜார்ஜ் கேலியின் காலம் முதல், அதாவது 1808 முதல், இங்கிலாந்தில் இருந்துவந்தாலும், கம்பிகளைக் குடத்தின் ஓரத்திலிருந்து சாய்வாக இழுத்துக் கட்டும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற பின்னரே இன்றைய அமைப்பு நிலைபெற்றது. அவருடைய உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளியிட்ட ரோவர் சைக்கிளும், 1888இல் ஜான் பாய்ட் டன்லப் செய்த காற்றடைத்த டயரும் சேர்ந்தபோது, உலகெங்கும் சாமானியர் ஏறக்கூடிய ஊர்தி ஒன்று பிறந்தது.

அந்த டயர்தான் பேராக்கின் முகத்தையே மாற்றியது. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளின் வழிவந்த நாற்றுகளுள் ஒன்பது, 1877இல் கோலக்கங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக அவ்வாண்டு பொறுப்பேற்ற ஹியூ லோ அவற்றைப் பேணி வளர்த்தார். அக்கால மரங்களுள் எஞ்சியதாகக் கருதப்படும் ஒன்று அவ்வூரில் இன்றும் காட்டப்படுகிறது. நடப்பட்டபோது அம்மரங்களுக்கு உரிய சந்தை இன்னும் உருவாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மோட்டார் வண்டி பரவுவதற்கு முன்பே, 1890களின் சைக்கிள் மோகம்தான் ரப்பருக்குப் பெரும் பசியை உண்டாக்கியது. அப்பசி அமேசான் காடுகளிலும் கொங்கோவிலும் பூர்வ குடிகள் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கு ஒரு காரணமாகவும் அமைந்தது. மலாயாவில் அதே பசிதான் காட்டை அழித்துத் தோட்டமாக்கவும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஒப்பந்த முறையிலும், பின்னர் கங்காணி முறையிலும் ஆட்களைக் கப்பலேற்றவும் வழிவகுத்தது. 1910 ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் எனப்பட்ட ஈயச் சுரங்கங்களைச் சூழ்ந்த மேட்டுநிலங்களும், சுங்கை சிப்புட் தொடங்கித் தாப்பா வரை நீண்ட மலையடிவாரமும் வேகமாகப் பால்மரக் காடாயின. பாலை எடுத்தவர் பேராக்கில் இருக்க, அது டயராக உருப்பெற்றது பெரும்பாலும் கடலுக்கு அப்பால்தான். பெட்டாலிங் ஜெயாவில் டன்லப் நிறுவனம் 1960களில் ஆலை அமைக்கும் வரை, தம் கையால் வெட்டிய பாலைத் தோட்டத் தொழிலாளி டயராகத் திரும்ப வாங்கும்போது, பெரும்பாலும் இருமுறை கப்பலேறிய கூலியையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

தோட்டத்துக்குள் சைக்கிள் ஒரே நாளில் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் அது பெரும்பாலும் கிராணி எனப்பட்ட எழுத்தர், மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், வேலையை மேற்பார்த்த மண்டோர், கங்காணி ஆகியோரின் தகுதிச் சின்னம். பால்வெட்டுத் தொழிலாளி, தோளின் குறுக்கே வைத்த காண்டாக் கட்டையின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். போருக்குப் பின்னரே சைக்கிள் அவர் கைக்கும் பரவலாக வந்தது. வந்த வண்டிகள் பெரும்பாலும் ராலி, ஹெர்குலிஸ், ஹம்பர், பிலிப்ஸ் போன்ற ஆங்கிலேய வகைகள். பின்னர் சீனாவிலிருந்து ஃபீனிக்ஸ், ஃபாரெவர் முதலியனவும் அதே அச்சில் வந்தன. 28 அங்குலச் சக்கரம், முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி, தடித்த எஃகு வளையம், கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கோலால் இயங்கும் பிரேக் என்பனவே அவ்வண்டிகளின் பொது இலக்கணம். வெஸ்ட்வுட் என்று பெயர்பெற்ற அந்த எஃகு வளையத்தின் உட்புறத் தோள்களில்தான் பிரேக் கட்டைகள் கீழிருந்து மேலாக வந்து அழுத்தின. பழுதுபார்ப்பவரின் தீர்ப்பில் இந்த நுட்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பக்கவாட்டில் பிரேக் பிடிக்கும் பிற்கால வண்டியில் சக்கரம் இடவலமாக இரண்டு மில்லிமீட்டர் ஆடினாலே கட்டை உரசும். கோல் பிரேக் வண்டியோ அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வளையம் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் விட்டுவிட்டுப் பிடித்து ஓட்டுபவரை உலுக்கும். ஆகவே தோட்டத்துச் சைக்கிளைப் பொறுத்தவரை, கண்ணுக்கு அருவருப்பாகத் தெரிந்த இடவல ஆட்டத்தைவிட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஏற்ற இறக்கமே கடுமையான குற்றமாயிற்று.

இக்குற்றங்கள் விசாரணைக்கு வந்த இடம் சைக்கிள் கடை. மலாயாவின் சைக்கிள் வணிகத்திலும் உதிரிப்பாக வணிகத்திலும் சீனாவின் புஜியான் மாநிலத்துப் புத்தியான் வட்டாரத்திலிருந்து வந்த ஹெங்குவா மக்கள் முதன்மை பெற்றிருந்ததைச் சமூக வரலாற்றாய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மற்றச் சீனக் கிளைமொழியினர் மளிகை, ஈயம், ரப்பர் முதலிய துறைகளில் காலூன்றிய பின் காலம் தாழ்ந்து வந்த அவர்கள், ரிக்ஷா இழுப்பதில் தொடங்கி, ரிக்ஷாவைப் பழுதுபார்த்து, அங்கிருந்து சைக்கிளுக்கும் டயருக்கும் நகர்ந்தார்கள். கடைகள் வழக்கமாக ஐந்தடி நடைபாதையை ஒட்டி இருந்தன. மலாயில் காக்கி லீமா எனப்படும் இந்த நடைபாதை, கடைவீட்டின் மாடி நீண்டு தெருவோரம் நிழல் தருமாறு அமைந்தது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பு விதியிலிருந்து பிறந்து, மலாயா நகரங்களெங்கும் பரவியது. 1892இல் தீயால் பெரிதும் அழிந்து மீண்டும் எழுந்த ஈப்போவின் பழைய நகரப் பகுதியிலும் அதே அமைப்பைக் காணலாம். வெயிலும் மழையும் படாத அந்த ஐந்தடி அகலமே பழுதுபார்ப்பவரின் பட்டறையாயிற்று. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளியும் சீனக் கடைக்காரரான தவுக்கேயும் அங்கே பொதுவாகப் பேசியது பசார் மலாய், அதாவது சந்தையில் எல்லாரும் கலந்து பேசும் எளிய மலாய். அம்மொழியில் ‘போலே’ என்றால் ‘முடியும்’, ‘தக் போலே’ என்றால் ‘முடியாது’. நெடிய சோதனையின் முடிவில் சக்கரத்துக்குக் கிடைத்த தீர்ப்பு அவ்விரண்டில் ஒன்றாகவே இருந்தது.

தமிழில் இத்தொழிலுக்குக் கோட்டம் எடுத்தல் என்று பெயர். கோட்டம் என்பது வளைவு; கோடுதல் என்ற வினையின் வழிவந்த சொல். நீதியினின்றும் வழுவுதலையும் இதே வேரால் குறித்த மொழி தமிழ். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் ‘கோடாமை’ என்ற சொல் நெஞ்சு ஒரு பக்கம் சாயாமையைக் குறிக்கிறது. கவட்டையின் இரு கிளைகளுக்கும் நடுவே, எப்பக்கமும் சாயாமல் ஓட வேண்டிய சக்கரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை வலிந்து ஆக்கியிருக்க முடியாது. ஆரக் கம்பியைப் போக்ஸ் கம்பி என்றும், அதன் முனையில் வளையத்தோடு பிணைக்கும் திருகுமரையை நிப்பிள் என்றும், குடத்தை ஹப் என்றும் வழங்குவது சைக்கிள் கடைத் தமிழ்.

சோதனை தொடங்குவது கண்ணால். அதற்குக் கருவி ஏதும் தேவைப்படவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கைப்பிடியிலும் இருக்கையிலும் நிறுத்தி, கவட்டையின் ஒரு கிளையில் கட்டைவிரலை ஊன்றி, அதன் நகம் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைத்து, மறு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது, நகத்துக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள வெளிச்சக் கீற்று ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் தோன்றும். ஒடுங்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு. பின்னர் விரலை வளையத்தின் வெளிவிளிம்புக்கு மாற்றி, ஏற்ற இறக்கம் பார்க்கப்படும். அதற்கு வேறொரு கோடு. இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்தால், அந்த இடத்தில் வளையம் கல்லிலோ பள்ளத்திலோ மோதியிருக்கிறது என்று பொருள். வெவ்வேறு இடங்களில் விழுந்தால் பெரும்பாலும் கம்பிகளின் தளர்ச்சிதான் காரணம். அடுத்து வருவது செவிச் சோதனை. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து இறுக்கத்தை உணர்ந்த பின், ஒவ்வொன்றையும் விரலால் சுண்டினால், இறுகிய கம்பி உயர்ந்த சுருதியும் தளர்ந்த கம்பி மந்தமான ஓசையும் தரும். பின்சக்கரத்தில் சங்கிலிப் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிப்பது இயல்பு. ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் சுருதி மாறினால்தான் பழுது. தம்பூரா சுருதி சேர்ப்பவருக்கும் இவருக்கும் காது ஒன்றே என்று சொல்வது மிகையாகாது.

இவை இரண்டும் முன்னோட்டமே. தீர்ப்பை உண்மையில் நிர்ணயித்தது மூன்றாவது சோதனை. வளைந்த பகுதியிலுள்ள கம்பிகளின் நிப்பிள்கள் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட்டு, வளையம் என்ன செய்கிறது என்று பொறுத்துப் பார்ப்பார்கள். இழுவிசை நீங்கியதும் வளையம் தானாக நேர்நிலைக்குத் திரும்பினால், அதைக் கோணலாக்கி வைத்திருந்தவை கம்பிகளே. கம்பிகளை ஒழுங்குபடுத்தினால் கோட்டம் போய்விடும். திரும்பாமல் வளைந்தபடியே நின்றால், எஃகு தன் மீள்திறன் எல்லையைக் கடந்து நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள். மீள்திறன் எல்லை என்பது, விசை நீங்கினால் பழைய உருவுக்குத் திரும்பக்கூடிய கடைசி அளவு. எல்லையைக் கடந்த வளையத்தையும் கம்பிகளின் இறுக்கத்தால் மட்டுமே நேராக்க முயல்வது பொய்யான பழுதுபார்ப்பு: ஒரு பக்கத்துக் கம்பிகள் அளவுக்கு மீறி இறுகியும் மறுபக்கத்துக் கம்பிகள் தொய்ந்தும் நிற்க, கடை வாசலில் நேராகச் சுற்றிய சக்கரம் நான்கு நாளில் மீண்டும் கோணும்; தொய்ந்த கம்பிகள் ஒவ்வொன்றாக ஒடியத் தொடங்கும். 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 450 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீள்கிறது. நன்கு இறுகிய கம்பிக்கு இது பொருட்டன்று. தொய்ந்த கம்பியோ ஹப்பின் துளையில் அசைந்தசைந்து, முழங்கையாய் வளைந்த தலைப்பகுதியில் களைத்து முறியும். ஆகையால் நேர்மையான கைவினைஞர் வளையத்தை முதலில் கம்பியின் துணையின்றியே நிமிர்த்தி, பின்னர்தான் நிப்பிள் சாவியைக் கையில் எடுப்பார்.

அந்த நிமிர்த்தலுக்கு நடைபாதையின் படிக்கட்டே கருவி. சக்கரத்தைக் கழற்றி, டயரை உரித்து, வளைந்த பகுதி படியின் விளிம்புக்கு வெளியே நீளுமாறு சாய்த்து, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் ஊன்றி, இரு கைகளாலும் ஒரே மூச்சில் அழுத்துவது வழக்கம். பள்ளத்தில் பக்கவாட்டாக விழுந்து எட்டு என்ற எண்ணின் வடிவில் முறுக்கிக்கொண்ட சக்கரம்கூட, மடிப்பு விழாமல் இருந்தால், இவ்வாறு அழுத்தும்போது படக்கென்ற ஓசையுடன் பழைய தளத்துக்குத் திரும்புவதுண்டு. அதன் பின் மீதியைக் கால் சுற்றும் அரைச் சுற்றுமாகக் கம்பிகளால் ஒழுங்குபடுத்தலாம். இடப்பக்கக் கம்பியை இறுக்கினால் வளையம் இடம் போகும், வலப்பக்கத்தை இறுக்கினால் வலம் போகும், இருபக்கமும் சேர்த்து இறுக்கினால் அவ்விடம் உள்வாங்கும் என்ற எளிய விதியை எவரும் ஒரு நாளில் கற்கலாம். எங்கே நிறுத்துவது என்பதைக் கற்க ஆண்டுகள் ஆகும். மடிப்பு விழுந்த வளையம், கம்பித் துளையைச் சுற்றிக் கீறல் ஓடிய வளையம், பற்றவைத்த மூட்டு வாய்பிளந்த வளையம், கம்பி தாங்கும் ஹப்பின் ஓரம் வெடித்த சக்கரம் ஆகிய இந்நான்குக்கும் எந்தக் கடையிலும் தக் போலேதான். ஒன்றிரண்டு கம்பி ஒடிந்தது பொருட்படுத்தத்தக்கதே அன்று, நாற்பதில் ஒன்று போனாலும் வீடு சேரலாம். ஆனால் மாதத்துக்கு ஒன்றாக ஒடிந்துகொண்டே வந்தால், அது முழுத் தொகுதியும் களைத்துவிட்டதன் அறிகுறி.

பேராக்கின் நிலமும் வானமும் இந்தப் பழுதுகளுக்கென்றே ஒரு சாயல் தந்தன. தோட்டச் சாலை செம்மண். மழையில் அரித்து ஓடிய இடத்தில் வேர் துருத்தும், வடிகாலின் மேல் பலகைப் பாலம் இருக்கும். தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்றான தைப்பிங் பேராக்கில்தான் உள்ளது. மழைநீர் கம்பித் துளைகள் வழியே வளையத்தின் உட்குழிவில் தேங்கி, டியூபைக் காக்கும் துணிப்பட்டையின் அடியில் மறைவாகத் துருவை வளர்த்தது; வெளியே பளபளத்த முலாம், உள்ளே பொரிந்த இரும்பு. டயரை உரித்துப் பார்க்காமல் சொல்லப்பட்ட எந்தப் போலேயும் நம்பத்தக்கதன்று என்பதற்கு இதுவே காரணம். துருவினால் நிப்பிள் கம்பியோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாலன்றித் திருகாது. அவசரத்தில் திருகினால் கம்பியே முறுக்கிக்கொண்டு ஒடியும். சுமையும் கணிசமானது. பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர், எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவே 20 லிட்டர் பால் ஏறத்தாழ 20 கிலோ கனக்கும். வாளிகள் இரண்டையும் பின்னே தொங்கவிட்டு ஓட்டும்போது பளு முழுவதும் பின்சக்கரத்தின்மேல் விழுந்தது. மேலும், பால் உறைவதற்குள் கொட்டகை சேர வேண்டும். பாலத்துப் பலகை இடுக்கில் சக்கரம் சிக்கி வண்டி சாய்ந்தால், வளையம் வளைந்த செலவோடு, கவிழ்ந்த பாலின் கூலியும் அன்றே போயிற்று. நகரத்தில் சக்கரம் கோணுவது தொந்தரவு. தோட்டத்தில் அது ஒரு நாள் வருமானம்.

போர் வந்தபோது இதே சக்கரம் படைக்கருவியாயிற்று. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய ஜப்பானியத் தளபதி யமாஷிதாவின் 25ஆம் படையில், ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் இருந்தன என்று அப்படையின் திட்டமிடலில் பங்குகொண்ட மசனோபு சுஜி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பான் மலிவு விலைச் சைக்கிள்களை மலாயாவுக்கு நிறைய அனுப்பியிருந்ததால், வழியெங்கும் உதிரிப்பாகம் கிடைத்ததும், ஒவ்வொரு கம்பெனியும் குறைந்தது இருவர் கொண்ட பழுதுபார்க்கும் குழுவை உடன் வைத்திருந்ததும் அவரது குறிப்பில் உள்ளன. வெயிலில் கொதித்த தார்ச்சாலையில் டயர்கள் அடிக்கடி வெடித்தபோது, வீரர்கள் டயரை உரித்து எறிந்துவிட்டு வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் நூற்றுக்கணக்கான எஃகு வளையங்கள் சாலையில் எழுப்பிய இரைச்சலைப் பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்பு வீரர்கள் டாங்கிகளின் ஓசையாக எண்ணினார்கள் என்பது பரவலாகப் பதிவான செய்தி. டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் நடந்த சண்டைக்குப் பின் தெற்கு நோக்கிய சாலையும் திறந்துவிட்டது. டயரின்றிப் பல மைல் ஓடிய வளையத்தின் விளிம்பு உள்நோக்கி மடங்கி, மீண்டும் டயரைப் பற்ற இயலாத நிலையை அடையும். அன்றாடக் கடை நெறியில் ஐயத்துக்கிடமின்றிக் கழிக்கப்பட வேண்டிய அச்சக்கரங்களை, விரைவு ஒன்றையே கருதிய படை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகளில், கழித்தல் என்ற சொல்லுக்கே இடமில்லாமற் போயிற்று. ரப்பரை வாங்கிய மேற்குலகச் சந்தை மூடப்பட்டது. தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வளையமோ கம்பியோ வருவது நின்றது. பால் சொட்டும் மரங்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு டயர் கிடைக்கவில்லை என்பதைவிடக் குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு தேவையில்லை. இரண்டு உடைந்த சக்கரங்களிலிருந்து ஒரு சக்கரம் கட்டுவதும், ஒடிந்த கம்பிக்கு ஈடாக நீளமான கம்பியை வெட்டி மரையிடுவதும் பற்றாக்குறைக் காலம் எங்கும் கற்பிக்கும் கலை. வளமான நாளில் தக் போலே எனத் தள்ளப்பட்ட பலவும் இப்போது போலே ஆயின.

போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த கம்யூனிஸ்டுப் போராளிகள் மூவர் அதன் மேலாளரைச் சுட்டுக் கொன்றனர். அதே காலையில் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் இருவர் கொல்லப்பட்டனர். இதையடுத்து அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்த அவசரகாலம் சைக்கிளைச் சந்தேகத்துக்குரிய பொருளாக்கிற்று. 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் நிருவாகத்தின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரம் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்ட லயங்களும் வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதற்காக, வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் சோதிக்கப்பட்டார்கள். சைக்கிள் சட்டத்தின் குழாய்க்குள்ளும் காற்றடிக்கும் பம்புக்குள்ளும் அரிசி ஒளித்துக் கடத்தப்பட்டதால், காவலர்கள் வண்டியையும் விடாமல் சோதித்தார்கள். ஊரடங்கு நேரத்துக்குள் வேலிக்குள் திரும்ப வேண்டிய தொழிலாளிக்குச் சக்கரத்தின் நம்பகம் முன்னினும் முக்கியமாயிற்று. நகரக் கடைக்குப் போய்வருவதே இடர் என்ற நிலையில், தோட்டத்துக்குள்ளேயே கைப்பழக்கம் உள்ள ஒருவர் நிப்பிள் சாவியும் பழைய கம்பிக் கட்டுமாகப் பழுதுபார்ப்பவர் ஆகும் தேவை எழுந்தது. அத்தகையோருக்குப் பட்டயமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. தொழிற்சங்க ஏடுகளிலும் தோட்ட நிருவாகக் கணக்குகளிலும் அவர்களைத் தேடுவோர் வெறுங்கையுடனே திரும்ப நேரிடும்.

1950களின் இறுதியில் வணிகர் லோ பூன் சியூ பினாங்குக்குக் கொண்டுவந்த ஹோண்டா சிறு மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்லத் தோட்டத்துக்குள்ளும் நுழைந்தது. அதே காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதைக் கண்ட சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களுக்கே உரிமையாக்கும் நோக்குடன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் பால்மரத்துக்குப் பதில் செம்பனை நடப்பட்டதையும், பின்னர் நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானதையும் அந்த முயற்சியால் தடுக்க முடியவில்லை. லயங்களை விட்டுப் புந்தோங் போன்ற ஈப்போ குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தவர்கள் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபோது கிந்தாவின் கடைத்தெருக்களும் களையிழந்தன. பழைய எஃகு வளையத்தின் இடத்தைப் பிடித்த அலுமினியமோ வேறு குணமுடையது. எஃகைப் போலத் துருப்பிடிக்காது, எடை குறைவு, ஈரத்திலும் பிரேக் நன்கு பிடிக்கும். ஆனால் ஒருமுறை எல்லை கடந்து வளைந்தால், திருப்பி வளைக்கும்போது எஃகைப் போல ஒத்துழைக்காமல் கீறல் விடும் இயல்பு அதற்கு மிகுதி. இயந்திரம் கட்டிய புதுச் சக்கரத்தின் விலை, கைவினைஞரின் அரைநாள் கூலிக்கு அருகில் இறங்கிவிட்டபோது, படிக்கட்டில் சாய்த்து முழங்காலால் அழுத்திப் பார்க்க ஒருவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. இன்றைய கடையிலும் தீர்ப்பு சொல்லப்படுகிறது. ஆனால் அது சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே விலைப்பட்டியலில் முடிந்துவிடுகிறது.

தக் போலே என்று தள்ளப்பட்ட பழைய சக்கரமும் முழுவதுமாக வீசப்படவில்லை. ஹப் நன்றாக இருந்தால் கழற்றப்பட்டு வேறொரு வளையத்துக்குப் போயிற்று. அதன் குண்டுகளும் கோன்களும் மண்ணெண்ணெயில் கழுவி டப்பாவில் போட்டு வைக்கப்பட்டன. ஒடியாத கம்பிகள் நீளவாரியாகக் கட்டப்பட்டுக் கடையின் ஆணியில் தொங்கின. பஞ்சர் ஒட்ட இயலாத டியூப் நீளநீளமான பட்டைகளாக வெட்டப்பட்டு, பால் வாளியைச் சைக்கிளோடு கட்டும் கயிறாகவும், சிறுவர்கள் மலாய்ச் சொல்லால் லாஸ்டிக் என்று அழைத்த கவணுக்கு வாராகவும் உதவியது. எஞ்சிய வெறும் வளையத்தைச் சிறுவர்கள் ஒரு குச்சியால் தள்ளியபடி லயத்து வாசலில் ஓட்டினார்கள். கோட்டம் போகாத வளையம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். குச்சியைச் சற்றுப் பக்கவாட்டில் கொடுத்து, அந்தச் சாய்வுக்கு ஏற்ப ஓட்டக் கற்றவர்கள் அதைச் செம்மண் சாலையின் கடைசி வரை விழாமல் கொண்டுபோனார்கள்.